அறிவிப்பாளர் காதுக்கு எந்த வழி: மிக்சரா, ஐஎஃப்பி பெட்டியா, வயர்லெஸ்ஸா, போனா?

போன கிழமை ஒரு தம்பி போன் எடுத்தான். கூட்டாளிமார் இரண்டு பேரோடு சேர்ந்து கோவில் திருவிழா, பாடசாலை விளையாட்டு, கலியாணம் என்று நேரலை செய்கிறவன். "அண்ணை, ஐஎஃப்பி பெட்டி ஒன்று வாங்கப் போறம், எது நல்லது?" என்றான். நான் திருப்பிக் கேட்டேன்: "உங்கட மிக்சரில எத்தினை ஆக்ஸ் சும்மா கிடக்கு?" ஆக்ஸ் என்றால், மைக்குகளின் ஒலியைக் கலக்கிற மிக்சர் மெயினுக்குப் புறம்பாகத் தனிக் கலவை ஒன்றை வெளியே அனுப்புகிற வழி. அவனுக்குத் தெரியவில்லை. பெட்டிக்கு விலை விசாரித்து வைத்திருந்தான், சொந்த மிக்சரின் பின்பக்கத்தைப் பார்க்கவில்லை. அவனுக்குப் போனில் சொன்னதை, சொல்ல மறந்ததையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

ஐஎஃப்பி என்பது பெரிய மந்திரம் இல்லை. அறிவிப்பாளரின் ஒற்றைக் காதில் நிகழ்ச்சி ஒலி ஓடிக்கொண்டிருக்கும். டிரெக்டர் பொத்தானை அமத்திக் கதைத்தால் அந்த ஒலி நிற்கும், அல்லது தணியும், அவர் குரல் கேட்கும். கையை எடுத்தால் பழையபடி நிகழ்ச்சி. இடையில் வெட்டக்கூடிய திரும்பொலி, அவ்வளவுதான். பலர் இதை வோக்கி-டோக்கியால் சமாளிக்கிறார்கள், நானும் சமாளித்திருக்கிறேன். ஆனால் அதில் டிரெக்டர் குரல் மட்டும்தான் வரும். வீடியோவில் பழைய கிளிப் ஒன்று ஓடுகிறதா, முடிந்ததா என்று அறிவிப்பாளருக்குத் தெரியாது, யாராவது கை காட்டும் வரைக்கும் முழிசிக்கொண்டு நிற்பார்.

முதலாவது வழி, கையில் இருக்கிற மிக்சர். டிரெக்டருக்கு ஒரு மைக் கொடுத்து ஒரு சானலில் குத்துங்கள். அந்தச் சானலை மெயினில் (நேரலைக்குப் போகிற முதன்மைக் கலவை) இருந்து கழற்றிவிட வேண்டும், இதை மறந்தால் "இரண்டாவது கமராக்காரன் எங்க போட்டான்?" என்பது உலகம் முழுக்கக் கேட்கும். பிறகு அந்த மைக்கையும் நிகழ்ச்சிச் சானல்களையும் ஒரு ஆக்ஸுக்கு அனுப்பினால், அந்த ஆக்ஸின் வெளியீடுதான் அறிவிப்பாளரின் காது. டிரெக்டர் மைக் ஃபேடருக்கு (ஒலியைக் கூட்டிக் குறைக்கிற தள்ளுகட்டை) முந்தியும் நிகழ்ச்சி மைக்குகள் ஃபேடருக்குப் பிந்தியும் போக வேண்டும். நிகழ்ச்சி மைக்கும் முந்தியே போனால், நீங்கள் ஃபேடரை இறக்கி மூடிய மைக்கில் ஐயர் யாரோடோ கதைப்பது அறிவிப்பாளருக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும், அவர் அது நேரலையில் போகிறது என்று நினைத்து வாயை மூடிக்கொண்டு நிற்பார். சின்ன அனலொக் மிக்சரில் ஒரேயொரு ஆக்ஸ்தான் இருக்கும், அதுவும் முந்தியா பிந்தியா என்று தொழிற்சாலையிலேயே முடிவு செய்திருப்பார்கள். டிஜிட்டல் மிக்சர் என்றால் சானலுக்குச் சானல் தெரிவு செய்யலாம். பெரிங்கர் எக்ஸ்ஆர்18 போன்ற ஒன்றில் ஆறு ஆக்ஸ் வெளியீடு இருக்கிறது, ஆறு காதுக்கு ஆறு வேறு கலவை. ஊரில் நேரலை செய்கிற குழுக்களில் ஆறு அறிவிப்பாளர் எவரிடம் இருக்கிறார்கள்?

இதில் குறைவது அந்த வெட்டு. டிரெக்டர் கதைக்கும்போது நிகழ்ச்சி தானாகத் தணிய வேண்டும். டிஜிட்டல் மிக்சர்களின் கேட் பகுதியில் "டக்" என்று ஒரு முறை உண்டு, அதைத் தூண்டுகிற ஒலியாக டிரெக்டர் மைக்கைக் கொடுத்தால் அவர் வாய் திறந்ததும் நிகழ்ச்சி பதுங்கும். ஆனால் அதை நேரலைக்குப் போகிற அதே சானலில் போட்டால் நேரலையும் சேர்ந்து பதுங்கும். ஆகவே மெயின் வெளியீட்டின் ஒரு பிரதியை வெறும் சானல் ஒன்றுக்குத் திருப்பிக் கொண்டுவந்து, அந்தச் சானலை மெயினில் இருந்து கழற்றி (கழற்றாவிட்டால் ஒலி சுற்றிச் சுற்றி வந்து ஊளையிடும், காது வலிக்கும்), அதில் டக் போட்டு, அதையும் டிரெக்டர் மைக்கையும் மட்டும் ஆக்ஸுக்கு அனுப்புங்கள். தணிவு எவ்வளவு என்பது வேலையைப் பொறுத்தது. செய்தி வாசிப்புக்கு முழு வெட்டு சரி. கிரிக்கெட் நேர்முக வர்ணனையில் முழுதாக வெட்டினால் பக்கத்தில் இருக்கிறவர் என்ன சொல்லி முடித்தார் என்று தெரியாமல் மற்றவர் அதையே திருப்பிச் சொல்வார். அங்கே பத்துப் பன்னிரண்டு டிபி தணித்தால் போதும்.

மிக்சரின் ஆக்ஸ் வெளியீடு சமநிலை லைன் (ஒரே ஒலி இரண்டு வயரில் ஒன்றுக்கொன்று தலைகீழாகப் போகும்), தொழில்முறை மட்டம் +4 டிபியு. சாதாரண மைக் கேபிளில் ஐம்பது மீற்றர் ஓடினாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் ஹெட்போனை அதில் நேரே குத்தக் கூடாது, அறிவிப்பாளர் இடுப்பில் ஒரு சின்ன ஹெட்போன் ஆம்ப் வேண்டும். பெரிங்கர் பி2 மாதிரி, இரண்டு ஏஏஏ பற்றரியில் ஓடுகிற ஒன்று போதும். அதில் மொனோ, ஸ்ரீரியோ என்று ஒரு சுவிச் இருக்கும். கட்டாயம் மொனோவில் வையுங்கள். ஸ்ரீரியோவில் இருந்தால் சமநிலைக் கேபிளின் சூட்டு வயர் இடது காதுக்கும் எதிர் வயர் வலது காதுக்கும் போய் இரண்டும் தலைகீழாக நிற்கும். ஒற்றைக் காது போட்டிருக்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது, இரண்டு காதும் போட்டவர் "தலைக்குள்ள ஏதோ செய்யுது" என்பார்.

இதன் மறுபக்கத்தில் நான் ஒருமுறை நன்றாக மாட்டுப்பட்டிருக்கிறேன். ஒரு மண்டபத்தில் லப்டொப்பில் இருந்து நிகழ்ச்சி ஒலியை மிக்சருக்கு எடுக்க வேண்டியிருந்தது. பையில் இருந்தது ஒரு பக்கம் மூன்று பகுதி உள்ள ஸ்ரீரியோ ஜாக், மறுபக்கம் எக்ஸ்எல்ஆர் (மைக் கேபிளில் இருக்கிற மூன்று பின் தலை). ஹெட்போன் துவாரத்தில் குத்தினேன், மிக்சரில் மட்டம் ஆடியது, பாட்டுக் கேட்டது, சரி என்று விட்டுவிட்டேன். நிகழ்ச்சி தொடங்கியதும் அறிவிப்பாளர் என்னைப் பார்த்துக் காதைத் தொட்டுத் தொட்டுக் காட்டுகிறார். போய்க் கேட்டால், பாட்டுக்காரரின் குரல் இல்லை, தூரத்துக் கிணற்றுக்குள் இருந்து வருவது போல எதிரொலி மட்டும் வருகிறது. ஹெட்போன் வெளியீட்டில் இடதும் வலதும் தனித்தனி. சமநிலை உள்ளீடோ இரண்டு வயருக்கும் இடையிலான வித்தியாசத்தைத்தான் எடுக்கும். நடுவில் இருக்கிற குரல் இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதால் கழிந்து போய்விட்டது, ஸ்ரீரியோவாக விரிந்திருந்த எதிரொலி மட்டும் தப்பியது. ஜாக்கைப் பாதி இழுத்துப் பிடித்தால் குரல் வரும், அன்று முழுக்க ஒரு பெடியன் அப்படியே பிடித்துக்கொண்டு இருந்தான். லப்டொப்புக்கு ஸ்ரீரியோ டிஐ பெட்டியோ (இடதையும் வலதையும் தனித்தனிச் சமநிலை லைனாக மாற்றுவது) யூஎஸ்பி இடைமுகமோ வையுங்கள்.

இனி இரண்டாவது வழி, தம்பி வாங்கப் போன அந்தப் பெட்டி. ஆர்டிஎஸ், கிளியர்-கொம், ஸ்ரூடியோ டெக்னொலொஜிஸ் போன்றோர் செய்கிறார்கள். உள்ளீடு எளிது: நிகழ்ச்சிக்கு லைன் மட்டத்தில் ஒன்றிரண்டு, டிரெக்டருக்கு மைக் அல்லது இன்டர்கொமில் (குழுவினர் தங்களுக்குள் கதைக்கிற தொடர்பு) இருந்து வருகிற ஒரு லைன். வெட்டும் வேலையைப் பெட்டியே செய்யும், பொத்தான் முன்பக்கத்தில் இருக்கும், எந்த அறிவிப்பாளர், அல்லது எல்லோருமா என்று தெரிவு செய்யலாம். நிகழ்ச்சி உள்ளீட்டுக்கு மிக்சரில் இருந்து எடுத்தால் மட்டம் பொருந்தும். வீட்டுச் சாமானில் இருந்து எடுத்தால் அது -10 டிபிவி, ஏறக்குறைய 12 டிபி குறைவு. "பெட்டி சத்தம் காணாது" என்று திட்டுகிறவர்களில் பாதிப் பேரின் பிரச்சினை இதுதான்.

கவனம் வேண்டியது வெளியீட்டில். இந்தத் தொழிலில் ஈர லைன், உலர் லைன் என்று இரண்டு உண்டு. உலர் லைனில் ஒலி மட்டும். ஈர லைனில் ஒலியோடு மின்சாரமும் ஓடுகிறது, சுமார் 30 வோல்ட் நேர்மின் (டிசி). அறிவிப்பாளரின் இடுப்புப் பெட்டி அந்த மின்சாரத்திலேயே ஓடுவதால் பற்றரி வேண்டாம். ஆறு மணி நேரத் திருவிழாவில் பூசை நடுவில் பற்றரி மாற்ற ஓடியவனுக்குத்தான் இதன் அருமை தெரியும். ஒலிபரப்பு ஐஎஃப்பியில் பரவலான வழக்கப்படி பின் 1 பொது, பின் 2 மின்சாரமும் வெட்டப்படுகிற ஒலியும், பின் 3 வெட்டப்படாத நிகழ்ச்சி ஒலி. இரண்டு காது ஹெட்போன் போட்டால் ஒரு காதில் டிரெக்டர் குறுக்கிடுவார், மற்றக் காதில் நிகழ்ச்சி அறாமல் ஓடும். கிரிக்கெட் வர்ணனைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு நான் பார்த்ததில்லை. ஆனால் கிளியர்-கொம் இன்டர்கொம் லைனில் பின் 2 மின்சாரம், பின் 3 ஒலி. ஆகவே ஒரு கொம்பனியின் பெட்டியும் இன்னொரு கொம்பனியின் இடுப்புப் பெட்டியும் கொழுவினால் விளக்கு எரியலாம், நீங்கள் எதிர்பார்த்த ஒலி வராமல் போகலாம். செற்றாகவே வாங்குங்கள்.

இதெல்லாம் ஓடுவது சாதாரண மைக் கேபிளில், அதே எக்ஸ்எல்ஆரில். அதுதான் வில்லங்கம். கேபிள்கள் குவியலாகக் கிடக்கும் இடத்தில் ஈர லைனின் நுனியைப் பிடித்து யாராவது மிக்சரிலோ, பி2 போன்ற பற்றரி ஆம்பிலோ குத்திவிடலாம். மிக்சர் மைக்குக்குக் கொடுக்கிற 48 வோல்ட் பன்ரம் பவரோடு இதை ஒப்பிட்டு "அதுக்கே ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்வார்கள், ஆனால் பன்ரம் பின் 2க்கும் பின் 3க்கும் சமமாக, ஒவ்வொன்றும் 6.8 கிலோஓம் தடை வழியாக வருகிறது, ஓட்டம் சில மில்லிஅம்பியர்தான். ஈர லைன் ஒற்றைப் பின்னில் வருகிறது, ஓட்டமும் கூட. தெரியாத லைன் என்றால் மல்ரிமீற்றரை வையுங்கள். பின் 1க்கும் 2க்கும் இடையில் 30 வோல்ட் அளவு காட்டி 3இல் ஒன்றும் இல்லை என்றால் ஈர லைன். இரண்டிலும் 48 அளவு என்றால் பன்ரம். ஒன்றுமே இல்லை என்றால் உலர். நான் ஈர லைனுக்கு ஓடும் கேபிள்களின் இரண்டு நுனியிலும் சிவப்பு ஒட்டுநாடா சுற்றி வைத்திருக்கிறேன், அவை தனிப் பையில் தூங்கும், மைக் பையோடு சேராது.

இரைச்சலையும் சொல்ல வேண்டும். திருவிழாவில் ஜெனரேற்றர் ஒன்று, சிகரத்துக்கு மின்விளக்கு அலங்காரம் இன்னொரு இணைப்பு, சவுண்ட் செற்காரர் வேறெங்கோ கரண்ட் எடுத்திருப்பார். அவர் மிக்சரில் இருந்து உங்களுக்கு ஒரு லைன் வந்ததும் 50 ஹேர்ட்ஸ் உறுமல் காதுக்குள் வந்து குந்தும். நடுவில் 1:1 தனிமைப்படுத்தும் டிரான்ஸ்போமர் வைத்தால் பெரும்பாலும் ஓடிவிடும். கரண்ட் பிளக்கின் எர்த் பின்னை முறித்து எறிகிற வேலையைச் செய்ய வேண்டாம், அந்த எர்த் ஒலிக்காக இல்லை, உங்கள் உயிருக்காக இருக்கிறது. அதே டிரான்ஸ்போமரை ஈர லைனில் வைக்கக் கூடாது, அது நேர்மின்னுக்கு நேர் வழி கொடுத்துவிடும். நேர்மின்னை மறிக்கிற கப்பாசிற்றர் உள்ள பெட்டி வேண்டும்.

அப்புறம் வயர்லெஸ். மேடைப் பாட்டுக்காரர் போடுகிற இன்-இயர் செற் ஒன்றையே ஐஎஃப்பிக்கும் பாவிக்கலாம். தேருக்கு முன்னால் வடம் பிடிக்கிற சனத்துக்குள் நடந்து கதைக்கிற அறிவிப்பாளருக்கு வயர் சரிவராது, அங்கே இதுதான் வழி. டிரான்ஸ்மிற்றரில் இரண்டு லைன் உள்ளீடு இருக்கும். அதில் ஒரு சூட்சுமம் உண்டு: இடதில் நிகழ்ச்சியையும் வலதில் டிரெக்டரையும் தனித்தனியாக அனுப்பி, ரிசீவரை இரண்டையும் கலக்கிற முறையில் வையுங்கள் (ஷூர் அதை மிக்ஸ்மோட் என்கிறது, சென்ஹைசரின் பெயர் ஃபோகஸ்). அறிவிப்பாளர் தன் இடுப்பில் இருக்கிற குமிழைத் திருப்பியே எது எவ்வளவு என்று தீர்மானிப்பார், டக் எதுவும் இல்லாமலே வேலை ஓடும். தவில் சத்தத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்கு டிரெக்டர் குரல் கூட வேண்டும், மண்டபத்துக்குள் இருக்கிறவருக்குக் குறைய வேண்டும், அவரவர் பார்த்துக்கொள்வார்கள். ஒரு டிரான்ஸ்மிற்றருக்கு எத்தனை ரிசீவரும் வைக்கலாம், எல்லோருக்கும் போவது ஒரே ஒலிதான். வாங்குமுன் அந்த அலைவரிசை இலங்கையில் பாவிக்க அனுமதி உள்ளதா என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பக்கம் விசாரியுங்கள், வெளிநாட்டில் இருந்து மாமா அனுப்பிய செற் அந்த நாட்டு அலைவரிசைக்குச் செய்ததாக இருக்கும். 2.4 கிகாஹேர்ட்ஸில் ஓடும் மலிவுச் செற்றுகளை மண்டபத்துக்குள் நான் எதிர்க்கவில்லை, நல்லூர் போன்ற இடத்தில் ஆயிரக்கணக்கான போன்களுக்கு நடுவில் அதை நம்பி ஒருவரைக் கமராவுக்கு முன்னால் நிறுத்த மாட்டேன். புளூடூத் இயர்பட்? வேண்டாம். தாமதம் பத்தில் ஒரு செக்கனையும் தாண்டும்.

தாமதம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், தன் குரல் ஐந்தில் ஒரு செக்கன் பிந்தித் தன் காதிலேயே விழுந்தால் எவ்வளவு பழகியவருக்கும் நாக்குக் குழறும். செய்து பார்த்தால் சிரிப்பு வரும், நேரலையில் வராது. அதனால்தான் தூரத்தில் இருக்கிறவருக்குக் கொடுக்கும் ஒலியில் அவர் குரலை மட்டும் கழித்துவிட வேண்டும், இதற்கு மிக்ஸ் மைனஸ் என்று பெயர். செய்மதி வழி ஒரு தாவலுக்கே கால் செக்கன் போய்விடும், இணையம் என்றால் சொல்லத் தேவையில்லை. ஒரே மண்டபத்தில் இருக்கிறவருக்கு இது தேவையில்லை என்பது பொதுவாகச் சரி, ஒரு விதிவிலக்கோடு. நிகழ்ச்சி ஒலியை கமராக்களை மாற்றுகிற வீடியோ சுவிச்சரின் வெளியீட்டில் இருந்து எடுத்தால், படத்தோடு உதடு பொருந்துவதற்காக ஒலியைப் பிடித்து வைத்திருப்பார்கள். 25 ஃபிரேமில் ஒரு ஃபிரேம் 40 மில்லிசெக்கன், மூன்று ஃபிரேம் என்றால் 120. மண்டபத்துக்குள்ளேயே அறிவிப்பாளர் திக்குவார். தாமதம் போடுமுன் மிக்சரில் இருந்தே எடுங்கள்.

அதே காரணத்தால், மெயின் பிரதியைத் திருப்பி எடுக்கும் அந்த டக் ஏற்பாடு தூரத்து ஆளுக்குச் சரிவராது, அதற்குள் அவர் குரலும் இருக்கும். அவருக்குத் தனி ஆக்ஸ் எடுத்து, அவர் சானலை மட்டும் பூச்சியத்தில் வைக்க வேண்டும். ஐஎஃப்பி பெட்டி வாங்கினாலும் இதே கதைதான். பெட்டி வெட்டும், ஆனால் கழிக்காது, கழித்த கலவையை மிக்சர்தான் செய்து கொடுக்க வேண்டும். பெட்டி வாங்கினால் மிக்ஸ் மைனஸ் தானாக வரும் என்று அந்தத் தம்பியும் நினைத்திருந்தான்.

நாலாவது, போன். லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கிற ஒருவரைச் சேர்ப்பதற்கும், பருத்தித்துறையில் நிற்கிற செய்தியாளரைச் சேர்ப்பதற்கும் இதைத் தவிர வேறு வழி எங்களிடம் இல்லை. விமிக்ஸ் என்ற நேரலை மென்பொருள் பாவிக்கிறவர்கள் அதன் அழைப்பு வசதியைப் (விமிக்ஸ் கோல்) பாவித்தால் விருந்தினருக்குத் திரும்பும் ஒலியில் அவர் குரலை அதுவே கழித்துவிடும், நிம்மதி. வட்ஸ்அப் அழைப்பை மிக்சருக்குள் கொண்டுவருவதானால் போனின் நாலு பகுதி ஜாக்கைக் கவனியுங்கள்: நுனி இடது, அடுத்தது வலது, அதற்கு அடுத்தது எர்த், அடி மைக். பழைய சில போன்களில் கடைசி இரண்டும் மாறியிருக்கும். மிக்சரில் இருந்து போனுக்குப் போவது மைக் துவாரம் என்பதால் லைன் மட்டத்தை அப்படியே திணித்தால் அந்தப் பக்கம் குரல் நொறுங்கிக் கேட்கும், தணிப்பான் வேண்டும். திருவிழா நாளில் கோவிலடியில் டேற்றா நின்றுவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள், அதனால் கோவில் வீதியில் நிற்கிற அறிவிப்பாளருக்குப் போனை முதல் வழியாக வைக்காதீர்கள், மற்ற வழி கிடையாதபோது கைகொடுக்கிற இரண்டாவது வழியாக வையுங்கள்.

டான்ரே போன்ற வலையமைப்பு ஒலியும் இருக்கிறது. ஒரு ஈதர்நெற் வயரில் ஒலியும் மின்சாரமும், தாமதம் மில்லிசெக்கன் கணக்கு, அழகான வேலை. நிலையான ஸ்ரூடியோ கட்டுகிறவர் யோசிக்கலாம். வான் வண்டியில் சாமான் ஏற்றி இறக்குகிற எங்களுக்கு இப்போது இல்லை.

இப்போது தம்பியின் கேள்விக்கு. இரண்டு அறிவிப்பாளர், ஒரு டிஜிட்டல் மிக்சர், பெரும்பாலும் ஒரே இடம்: பெட்டி வேண்டாம். இரண்டு ஆக்ஸ், இரண்டு இடுப்பு ஆம்ப், ஒரு டிரெக்டர் மைக். அந்தக் காசில் நல்ல ஒற்றைக் காது இயர்பீஸ் இரண்டும் டிரான்ஸ்போமர் இரண்டும் வாங்கலாம், அதற்குப் பிறகும் மிச்சம் இருந்தால் ஒரு வயர்லெஸ் செற். அவனுடைய மிக்சர் அனலொக், ஆக்ஸ் ஒன்றுதான் என்றால் பெட்டிக்குக் கொடுக்கிற காசில் மிக்சரை மாற்றுவேன், ஏனென்றால் கழித்த கலவை இல்லாமல் பெட்டி வந்தும் பிரயோசனம் இல்லை. வடக்கின் பெருஞ்சமர் மாதிரி நாள் முழுக்கக் கிரிக்கெட், மூன்று நாலு வர்ணனையாளர் மாறி மாறி, இன்டர்கொமும் ஓடுகிறது என்றால் அப்போது ஈர லைன் பெட்டிதான், தயங்க வேண்டாம். பாவித்ததை வாங்கினால் பெட்டியோடு அதே கொம்பனியின் இடுப்புப் பெட்டியும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், தனிப் பெட்டி மட்டும் வந்தால் அதற்குப் பொருந்துகிறது தேடி அலைய வேண்டிவரும்.

எந்த வழி எடுத்தாலும் டிரெக்டருக்குக் கொடுக்கிற சுவிச் அமத்திப் பிடித்தால் மட்டும் வேலை செய்கிற வகையாக இருக்கட்டும். ஒருமுறை எங்களிடம் இருந்தது ஒருதரம் அமத்தினால் அப்படியே நிற்கிற வகை. பூசை தொடங்க முன் டிரெக்டர் எதையோ சொல்லிவிட்டு விடுவிக்க மறந்துவிட்டார். அறிவிப்பாளர் கமராவைப் பார்த்துச் சண்முகார்ச்சனையை விளக்கிக்கொண்டு இருக்கிறார், காதுக்குள் ஆர் ஆருக்கு எத்தனை ரோல்ஸ், எத்தனை பிளேன்ரீ என்று கணக்கு ஓடுகிறது. ஒரு சொல்லும் தடுமாறாமல் அரை மணித்தியாலம் முடித்துவிட்டு, இயர்பீஸைக் கழற்றி என் கையில் தந்தார். "எல்லாருக்கும் சொன்னியள், எனக்கு மட்டும் ஒண்டும் சொல்லேல்லை" என்றார்.